நுனி நறுக்கிய முடிச்சு

நான் இடுப்பில் தூக்கி வளர்த்த என் தம்பி சேகருக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்டு என்ன செய்ய? இங்கே நாங்கள் சாப்பிட்டுக்கொண்டும் தூங்கிக்கொண்டும்தான் இருக்கிறோம். உன் பெண்டாட்டி வசந்தா மறுபடி தறி ஷெட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டாள். நீ கடைசியாகக் கை வைத்த மூலைத் தறி இன்னும் மக்கர் பண்ணாமல் ஓடுகிறது.

நல்ல சேதியை முதலில் சொல்லிக் கெட்டதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடுகிறேன், அவ்வளவுதான். அடுத்தது உன் படகு. அதைப் பற்றிப் பேச எனக்கு முகமில்லை. ஆனாலும் பேசித்தான் ஆகவேண்டும்.

நகரியில் பவர்லூம் மெக்கானிக்குக்கு எதற்குடா பாய்மரப் படகு என்று முதலில் சிரித்தவள் நான்தான். நீ கேட்டாயா? தடாவைத் தாண்டி ஏரிக்கரையில் படகுக்கார எத்திராஜ் அண்ணனிடம் ஓட்டைப் படகு ஒன்றை வாங்கிப் போட்டாய். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், நாகலாபுரம் வழியாக பஸ் பிடித்து ஓடிவிடுவாய். பலகை மாற்றினாய், பாய்மரத்துக்கென்று சவுக்கு மரம் ஒன்றைச் சீவிச் சீவி வழவழப்பாக்கினாய். அதை நிமிர்த்தி நிறுத்துவது ஒன்றுதான் பாக்கி. அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாய்.

"வருஷத் திதிக்குள்ள அந்த மரத்த நிறுத்திடணும் அண்ணி. ஒரே ஒரு தபா பாய் விரிச்சிப் பாத்துட்டா எனக்குப் போதும்," என்று வசந்தா என்னிடம் சொன்னாள். நீ இருந்தவரை அந்தப் படகை 'என் சக்களத்தி' என்று திட்டியவள் அவள். நீ இல்லாதபோது அவளுக்கு அதுதான் நீ ஆகிவிட்டது.

ஏரிக்கரைக்குக் கிரேன் எங்கே வரும்? நம்மிடம் இருந்ததை வைத்துக் கிளம்பினோம். ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த, பாவு நூலைச் சுற்றிவைக்கிற பழைய பீம் உருளையையும் அதன் பல் சக்கரத்தையும் மினி லாரியில் ஏற்றினோம். கிணற்றுக் கப்பியைக் கழற்றிக்கொண்டோம். கரையில் இரண்டு மூங்கிலைக் கத்தரி போலக் கட்டி நிறுத்தி, அதன் உச்சியில் கப்பியை மாட்டினோம். பனை மரத்தடியில் பீமைப் படுக்கப் போட்டு, இரும்புக் குழாயைச் செருகிச் சுற்றினால் கயிறு சுருண்டு மரம் எழும்ப வேண்டும். பாவு இழுக்கிற பீம் மரத்தை இழுக்காதா என்றாள் வசந்தா. உன்னோடு இருந்து இருந்து அவளுக்கும் மெக்கானிக் மூளை வந்துவிட்டது போல.

கயிறு எட்டவில்லை. நீ வாங்கி வைத்திருந்த நைலான் கயிறு இரண்டையும் சேர்த்து முடிந்தால்தான் பனை மரம் வரை வரும். எத்திராஜ் அண்ணன் படகுக்குள் நின்று மரத்தின் அடியைப் படகின் நடுக் குழிக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். "முடிச்சா? அத அண்ணி போடட்டும், அவங்க முடிச்சி அவுந்து நான் பாத்ததே இல்ல," என்றாள் வசந்தா.

போட்டேன். வாழ்நாள் முழுக்க அறுந்த இழைக்குப் போட்ட அதே முடிச்சு. போட்ட கையோடு, இடுப்பில் தொங்கும் கத்தரிக்கோலை எடுத்து இரண்டு நுனியையும் ஒட்ட நறுக்கிவிட்டேன். யாரும் சொல்லவில்லை. தறியில் நுனி நீட்டிக்கொண்டிருந்தால் விழுதில் சிக்கும், அச்சில் மாட்டும், துணியில் தெரியும். அதனால் நறுக்கியே பழகிய கை. நூல் நூலைக் கவ்விக்கொள்ளும், நைலான் வழுக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார் என்று எனக்குள் பெருமை வேறு.

மரம் எழும்பியது சேகரா. பாதி தூரம் அழகாக எழும்பியது. அடி குழியில் உட்காரவில்லை என்று எத்திராஜ் அண்ணன் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். தளர்த்தி, மறுபடி இழுத்தோம். கயிறு சட்டென்று லேசாகிவிட்டது.

யாருக்கும் அடிபடவில்லை. வசந்தா சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். மரம் படகின் ஓரப் பலகையைப் பிளந்துகொண்டு குறுக்கே விழுந்து கிடந்தது. ஆனால் மரத்தில் ஒரு கீறல் இல்லை. நீ பார்த்துப் பார்த்துச் சீவிய மரம், அப்படியே முழுசாக இருந்தது.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. "தாடு மஞ்சிதி காதம்மா," என்றார் ஒரு தெலுங்குக்காரர். கயிறு நல்லதில்லையாம். நீ வாங்கிய கயிறு. "கயிறு இல்லபா, மரமே எடை ஜாஸ்தி," என்றார் எத்திராஜ் அண்ணன். "சின்னதா போடு சேகருன்னு அப்பவே சொன்னேன், கேட்டாதானே? கணக்குத் தெரியாம செஞ்சிக்கினு போயிட்டான்."

வசந்தா சேற்றிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "அவரு செஞ்சது எது நின்னுச்சி, இது நிக்க," என்றாள்.

கயிற்றின் நுனி என் காலடியில்தான் கிடந்தது. அறுந்த கயிறாக இருந்தால் பிசிறடித்திருக்கும். இது கத்தரி பட்ட நுனி. முடிச்சு மடிந்திருந்த தடம் கூட அப்படியே இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அதன்மேல் காலை வைத்து மிதித்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது. "அவன் எப்பவுமே அவசரக்குடுக்கதான்," என்று என் வாயால் சொன்னேன். நீ செத்தவன், எழுந்து வந்து எதிர்த்துப் பேசவா போகிறாய்? அந்தத் தைரியம். சின்ன வயதில் பானையை உடைத்துவிட்டு உன்னைக் காட்டிக்கொடுத்தால் நீயாவது நைனாவிடம், "நான் இல்ல, அக்காதான்" என்று கத்துவாய். இப்போது கத்தக் கூட உன்னிடம் வாயில்லையே.

வீட்டுக்கு வந்ததும் வசந்தா உன் டூல்ஸ் பையைத் தூக்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாள். எத்திராஜ் அண்ணன் போன் செய்து, "படகப் பிரிச்சிடட்டுமா, கூரைக்கு ஆவும்," என்று கேட்டபோது, "எடுத்துக்கோங்க," என்றாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்றே நாள் போனது.

ஒரு நாள் உன் மூலைத் தறியில் இழை அறுந்தது. முடிந்து, நறுக்கினேன். "உங்க முடிச்சி மட்டும் எங்க இருக்குன்னே தெரியாது அண்ணி," என்றாள் வசந்தா, ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்துக்கொண்டே. அதற்குமேல் என்னால் முடியவில்லை. அந்த இரைச்சலில் எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். முதலில் அவளுக்குக் காதில் விழவில்லை. தறியை நிறுத்திவிட்டு, "இன்னா சொன்னீங்க?" என்றாள். மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாவது முறை சொல்வதுதான் கஷ்டம்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "தெனம் அவரு போட்டோவப் பாத்துத் திட்டிக்கினு இருந்தேனே. நீங்க கேட்டுக்கினுதானே இருந்தீங்க? கூடப் பொறந்தவங்கதானே நீங்க?" என்றாள். "எங்கிட்ட சொன்னா ஆயிடுமா? அன்னிக்கி கரையில அத்தினி பேரு அவர ஏசினாங்க. அங்க வந்து சொல்லுங்க," என்று பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தடாவில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். கரையில் எத்திராஜ் அண்ணன் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். படகை இன்னும் பிரிக்கவில்லை, மரம் மட்டும் இரண்டு துண்டாகக் கிடந்தது.

அங்கே இருந்தவர்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். கயிறு நல்ல கயிறு, மரம் நல்ல மரம், என் தம்பி போட்ட கணக்கில் தப்பில்லை, நுனியை நறுக்கியவள் நான், மறைத்தவளும் நான் என்று. என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. எத்திராஜ் அண்ணன் ரம்பத்தைக் கீழே வைத்தார். பிறகு, "நேத்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரம்பத்தத் தொட்டிருக்க மாட்டேனே மா," என்றார். "சேகர நானும் இல்லாததெல்லாம் பேசிட்டேன்," என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கேட்டாயா சேகரா? விழுந்தபோது உடையாத மரம். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் துண்டாகிப்போனது.

அடித்துண்டு தடிமனாக, நன்றாக இருக்கிறது. அதையே நிறுத்திச் சின்னப் பாயாகக் கட்டினால் படகு ஓடும் என்கிறார் எத்திராஜ் அண்ணன். புது மரம் வேண்டுமா என்று வசந்தாவைக் கேட்டேன். "வேணாம். அவரு சீவினதுதான் நிக்கணும்," என்றாள். அவள் என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. முடிச்சைப் போடச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அது மன்னிப்பா, தண்டனையா? எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை.

ஓரப் பலகை மாற்றியாயிற்று. உன் திதிக்கு முந்தின ஞாயிறு மரத்தை நிறுத்துகிறோம். கத்தரிக்கோலை இப்போதே வசந்தாவிடம் கொடுத்துவிட்டேன். முடிச்சின் நுனி இரண்டும் முழ நீளத்துக்குத் தொங்கும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தக் கரைக்கு வருகிறவன் போகிறவன் எவனாவது, இவ்வளவு பெரிய படகுக்கு ஏன் இவ்வளவு குட்டை மரம், செய்தவனுக்குக் கணக்குத் தெரியாதா என்று கேட்பான். நான் உயிரோடு இருக்கிற வரைக்கும், முந்திக்கொண்டு நானே பதில் சொல்லுவேன்: செய்தவன் சரியாகத்தான் செய்தான், குட்டையாக்கியவள் நான்.

இப்படிக்கு,
இனி உன்னைக் காட்டிக்கொடுக்காத
உன் அக்கா