தருமர் வேஷம் கட்டிய மேனேஜர்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கவிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முட்டி மட்டும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கிறது, அதன் கதை பின்னால் வருகிறது. டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று சிரிக்காதே. நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். இதை அப்படி ஓட்ட முடியாது. எதிர்வீட்டு சுப்ரியா அங்கே மேல்படிப்புக்கு வருகிறாள், அவளிடம் ஊறுகாயோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா கூத்தில் வேஷம் கட்டினால் இனி எனக்கு போன் பண்ண வேண்டாம் என்று நீ சொன்னாய் அல்லவா, அவர் கட்டிவிட்டார். சொன்னபடியே அன்றிலிருந்து உனக்கு போனும் பண்ணவில்லை. நடந்ததை நீ வீடியோவில் பார்த்தாயா இல்லையா என்று தெரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் தாத்தா காலத்திலிருந்து நம் ஊர் வேப்பனப்பள்ளியில் கூத்து என்றால் நம் வீடுதான் முன்னால் நிற்கும். பந்தல், சமையல், கூத்துக்காரர்களுக்கு வேட்டி, எல்லாம் நம் வீடு. அப்பா வங்கியில் சேர்ந்து ஓசூருக்கு வந்த பிறகும் அதை விடவில்லை. ஆடிட் நடக்கும்போது மேஜையில் தாளம் போட்டு ஆடிட்டரிடம் முறைப்பு வாங்கிய மனுஷன். ஆனால் நம் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு, கூத்துக்குக் கொடுக்கலாம், முன்வரிசையில் உட்காரலாம், ஆடக் கூடாது. பெரிய வீட்டுக்காரர் மேடை ஏறினால் கட்டியக்காரன் கிண்டல் பண்ணுவான், யாரையும் எதையும் சொல்ல அவனுக்கு உரிமை, கோபித்துக்கொள்ளவும் கூடாது. உன் பெரியப்பா மாதப்பனுக்கு அதுதான் பயம். உனக்கு உன் மாமியார் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று பயம். எனக்கு அப்பாவின் முட்டியைப் பற்றித்தான் பயம்.

இந்த வருஷம் தருமர் வேஷம் கட்டுகிறவரைக் கம்பெனியில் திடீரென்று ஒரகடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கூத்து வாத்தியார் முனிவேல் நம் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் காபி கொண்டுவந்து வைக்கிறேன், உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, “எனக்கு வசனம் பூரா தெரியும் வாத்தியாரே” என்கிறார். கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்த அன்றுகூட அவர் இப்படிக் கூச்சப்படவில்லை கண்ணு. அதைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதல் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று சாயங்காலம் நாலு மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். சிப்காட்டிலிருந்து யூனிபாரத்தோடு வந்து உட்கார்ந்த கூட்டம்தான் பாதி. முனிவேலே கட்டியக்காரன், தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திட்டிக் கன்னடத்தில் மன்னிப்புக் கேட்கிறார், சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி. அப்பா கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு வந்தபோது யாரோ என்றுதான் நினைத்தேன். சுற்றி ஆடும்போது முட்டி முறுக்கிக்கொண்டது, அதையும் காட்டிக்கொள்ளாமல் ஆடினார், சூதாட்டம் வரைக்கும் தப்பே இல்லை. சகுனி வந்து என் பங்குக்கு இந்த நாட்டை வைக்கிறேன் என்றான். பதில் வசனம் பேச வேண்டிய உன் அப்பா, முப்பத்தைந்து வருஷப் பழக்கம் எங்கே போகும், “வில்லங்கம் பாத்தாச்சா?” என்று கேட்டுவிட்டார். உடனே முனிவேல், “மேனேஜர் சார், இது பேங்க் இல்லீங்க, அஸ்தினாபுரம். இங்க பத்தரமும் இல்ல, பட்டாவும் இல்ல, சும்மா உருட்டுங்க சார்” என்றாரே பார்க்கலாம், கூட்டம் எழுந்து நின்று விசில் அடித்தது. உன் அப்பாவும் சிரித்துவிட்டார், தருமர் சிரிக்கக் கூடாத இடம் அது. பெரியப்பா வரவே மாட்டேன் என்று சொன்னவர், பின்னால் மோர்ப் பந்தல் பக்கம் நின்று பார்த்திருக்கிறார். மானம் போயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிரீடத்தைக் கோணலாகக் கட்டிவிட்டார்கள் என்பதுதான் அவர் குறை.

அதன் பிறகு நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். எல்லாம் தோற்றுப் பாஞ்சாலியைப் பந்தயம் வைக்கிற இடம் வந்தது. அப்பா பகடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து வாத்தியார் எடுத்துக் கொடுக்கிறார், இவர் கண்ணிலிருந்து மை கரைந்து கன்னத்தில் இறங்குகிறது. எப்படியோ சொல்லி முடித்தார், எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள், நானும்தான். வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்துவிடும்போது, அப்படி என்ன அழுகை என்று கேட்டேன். “நானும் கவியை வெச்சுட்டுத்தான ரேவதி ஆட வந்தேன்” என்றார்.

மற்றபடி மாந்தோப்பில் இந்த வருஷம் பெங்களூரா நல்ல காய்ப்பு, லோடு லோடாகக் கிருஷ்ணகிரிக் கூழ் ஃபேக்டரிக்குப் போகிறது. ஊறுகாயில் எண்ணெய் மேலே நிற்கிற மாதிரி பார்த்துக்கொள், ஈரக் கரண்டி போடாதே. குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு வெளியே ஓடாதே. உன் மாமியாரிடம் நானே பேசிவிட்டேன், அடுத்த வருஷம் கூத்துக்கு முன்வரிசையில் இடம் வேண்டுமாம், அந்தக் கவலையை விடு. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் ஒற்றுமையாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அவர் போன் பண்ணக் கூடாது என்றுதான் நீ சொன்னாய், நீ பண்ணக் கூடாது என்று இந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. இதோ இப்போதும், நீ வழக்கமாக வீடியோ காலில் வருகிற நேரத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். நியூஸ் பார்க்கிறேன் என்கிறார், டிவி ஓடவில்லை.

உன் அம்மா,
ரேவதி