கோயில் பூட்டு என்று நீ சொன்ன பொய்

என் ஆசை அண்ணை,

அவள் செத்துப்போனாளாம்! நாங்கள் விளையாடிய அந்த ரீவி விளையாட்டில் காயம் ஆற்றிக்கொண்டு கூடவே நடந்த வெள்ளைச் சட்டைக்காரி, நீ சொன்னதுபோலக் கனடாவுக்குப் போகவில்லை. பாலத்தின் நடுவில் அம்பு பட்டு விழுந்தாள். விழுந்ததை என் கண்ணாலே பார்த்தேன். இரண்டு நாளாகியும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உயிரோடு இருந்தபோது உன்னை "நீங்கள்" என்றுதான் கூப்பிட்டேன். இன்றைக்கு வாய் நிறைய "நீ" என்றே எழுதுகிறேன். அம்மா கண்டால் பேசுவார், பேசட்டும். இப்படி ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டுப் போனவனுக்கு என்ன மரியாதை?

கட்டாரிலிருந்து உன் சவப்பெட்டி வந்த கிழமையே உன் சாமான்களும் தனியாக வந்தன. உடுப்பு, சப்பாத்து, பாதி முடிந்த சென்ட் போத்தல். அவற்றுக்குள் ரீவியில் போட்டு விளையாடும் புதுக் கொன்சோல் ஒன்று, கூடவே அதே விளையாட்டு. பழைய படங்களையெல்லாம் துலக்கி, குரல் கொடுத்து, இங்கிலிசில் புதிதாக வெளியிட்டிருக்கிறார்கள். மேலே சுற்றியிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கைக்கூட நீ கிழிக்கவில்லை. லீவில் வந்து மகள் ஆரணியோடு சேர்ந்து பிரிக்கலாம் என்று வைத்திருந்தாயா? கேட்க யார் இருக்கிறார்கள்.

அதை எடுத்துப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. போன மாதம்தான் ஆரணி அலுமாரிக்குள் கண்டுபிடித்து, "மாமி, இது என்ரை அப்பா வேண்டினதோ? விளையாடுவமே?" என்று கேட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் மச்சாள் தன் மகளை நெல்லியடியிலிருந்து இங்கே வல்வெட்டித்துறைக்குக் கொண்டுவந்து விடுவார். பின்னேரம் வரைக்கும் நானும் உன் மகளும் ரீவிக்கு முன்னால்.

ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். நீ போனது ஆரணிக்குத் தெரியாது. அதாவது, தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். தூக்கத்தில் நெஞ்சடைத்து அங்கேயே முடிந்துபோன ஒரு மனிசனை மூடிய பெட்டியில் கொண்டுவந்து இறக்கும்போது, ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டிவந்து எதைக் காட்டுவது? அவளை நெல்லியடியிலேயே வைத்துக்கொண்டார்கள். "அப்பா கட்டாரிலை நிக்கிறார். அங்கை போன் வேலை செய்யுதில்லையாம்" என்று மச்சாள் சொல்லிவைத்தார். நாங்களும் அதையே சொன்னோம். உன் படத்தைக்கூடச் சுவரில் மாட்டாமல் வைத்திருந்தோம்.

பழைய கதைக்கு வாறன்.

சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் பிரான்சிலிருந்து வந்த மாமா அந்தப் பழைய கொன்சோலைத் தந்துவிட்டுப் போனது நினைவிருக்கிறதா? கொழும்பில் யாரிடமோ சொல்லி நீ எடுப்பித்த சீடி யப்பான் மொழியில் இருந்தது. ஒரு எழுத்து விளங்காது. ஆனாலும் நீ சளைத்தாயா? கதை முழுவதையும் நீயே எனக்குத் தமிழில் சொன்னாய். சிவப்புப் போர்வை ராசா எங்கடை ஆள் என்றாய். இப்போது பார்த்தால் எல்லா அநியாயத்துக்கும் அந்த மனிசன்தான் காரணம். நாங்கள் கள்ளன் என்று அடித்துத் துரத்திய தாடிக்காரர், கதாநாயகனைப் பெற்ற தகப்பனாம்! இதையெல்லாம் முதல் ஞாயிறே கண்டுபிடித்து விழுந்து விழுந்து சிரித்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த வெள்ளைச் சட்டைக்காரிக்கு நாங்கள் 'அம்மா' என்றுதான் பெயர் போட்டோம். பெயர் போட இங்கிலிசில் நாலு எழுத்துக்குத்தான் இடம் இருந்தது, AMMA சரியாகப் பொருந்தியது. அம்மா அப்போது கொழும்பில் ஆஸ்பத்திரியில். ஐயாவும் கூடப் போய்விட்டார். நீயும் நானும் சித்தி வீட்டில். அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உனக்குச் சொல்லியிருந்தார்கள் என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் விளையாட்டில் பாலத்தடிக்குப் போனதும் நீ காசைத் தந்து, "ஐஸ்பழக்காரன் போறான், ஓடிப்போய் வேண்டிக்கொண்டு வா" என்றாய். நான் திரும்பி வந்தபோது ரீவியில் ஒரு ஓடம் ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. கதாநாயகன் கரையில் நின்றான்.

"அம்மா எங்கை அண்ணை?"

"உந்த ஓடத்திலை கனடாவுக்குப் போறா. சுகமாகிட்டு வருவா."

நம்பினேன். கனடாவுக்குப் போகாத ஆட்கள் எங்கள் ஊரில் யார் இருந்தார்கள்?

அதன்பிறகு நீ விளையாடிய விதம்தான் எனக்கு விளங்கவேயில்லை. அந்த விளையாட்டில் கோயிலுக்குள் போனால்தான் காயம் முழுதாக ஆறும். அதுவரை விளையாடியதைச் சேவ் பண்ணுவதும் அங்கேதான். நீயோ எந்தக் கோயிலைக் கண்டாலும் சுற்றிக்கொண்டு போனாய். காட்டில் கூடாரம் அடித்துப் படுத்தாய். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு விரலை மடித்தாய். "ஏன் உள்ளை போகேல்லை?" என்று கேட்டால், "கோயில் பூட்டு" என்பாய். அந்த நாட்களில் கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போகும். போனால் எல்லாம் அழிந்து, பாலத்துக்கு முன்னாலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். நீ வாய் திறக்காமல் தொடங்குவாய். பாலத்தடி வந்ததும் என்னை ஐஸ்பழத்துக்கு அனுப்புவாய்.

அந்த மாதம் எனக்குக் கிடைத்த ஐஸ்பழம் வாழ்க்கையில் பிறகு ஒருபோதும் கிடைக்கவில்லை. உனக்குப் பைத்தியம் என்று சித்தியிடம் கோள்கூடச் சொன்னேன்.

போன ஞாயிறு. பாலம் வந்தது. நான் கதிரையில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கொன்ட்ரோலர் ஆரணியின் கையில். அம்பு வந்தது. அவள் விழுந்தாள். கதாநாயகன் அழுதான், இப்போது அவனுக்குக் குரலும் இருக்கிறதே, அப்படி அழுதான். அவளைத் தூக்கி ஓடத்தில் கிடத்தி, பூப் போட்டு, ஆற்றில் தள்ளிவிட்டான். தேத்தண்ணி என் சட்டையில் ஊற்றுப்பட்டதைப் பிறகுதான் கண்டேன்.

"மாமி, இவ செத்துப் போனாவோ?"

என் வாய் என்ன சொன்னது தெரியுமா அண்ணை? "இல்லையம்மா, கனடாவுக்குப் போட்டா" என்றது. நான் யோசித்துச் சொல்லவில்லை. அது தன்பாட்டில் வந்தது.

ஆரணி கதாநாயகனை நடத்திக்கொண்டு போனாள். ஆற்றங்கரையில் ஒரு கோயில். கதவு அகலத் திறந்து கிடக்கிறது, உள்ளே விளக்கு எரிகிறது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கோயில் ஒருநாளும் பூட்டிக் கிடக்கவில்லை. நீ சாவுத் துடக்குக் காத்திருக்கிறாய்! செத்த வீட்டுக்காரர் முப்பத்தொரு நாள் கழியும்வரை கோயில் வாசல் மிதிக்கக்கூடாது என்று, எழுத்து விளங்காத ஒரு யப்பான் விளையாட்டில், பதின்மூன்று வயதில், தனியாக. எனக்குச் சொல்லாமல். கரண்ட் போன ஒவ்வொரு முறையும், 'அம்மா' விழுவதை மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டு.

உண்மை அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று தெரியாத நாட்களில் அதை எப்படித் தாங்கினாய்? ஒழுங்காகக் காத்தால் எங்கள் அம்மாவை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாயா? யாரிடம் அந்தப் பேரம் பேசினாய்? அம்மா சுகமாகித் திரும்பி வந்தார். அதனால் உன் பொய் எனக்குப் பொய்யாகவே தெரியாமல் போய்விட்டது.

ஆரணி கோயில் வாசலுக்கு வந்துவிட்டாள். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம் பிள்ளை, உள்ளை போகாதை. கோயில் பூட்டு."

அவள் ரீவியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உன்னுடைய அதே பார்வை.

"பூட்டேல்லை மாமி. திறந்துதானே கிடக்கு." கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "போன வருஷம் அம்மாவும் கோயில் பூட்டு எண்டுதான் சொன்னவா. திருவிழாவுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லை. ஆனா எனக்கு மணி கேட்டது."

நான் அவள் கையை விட்டேன்.

"அப்பாவும் இவவைப் போலையோ மாமி?"

மச்சாளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். பசிக்குதா என்று கேட்டிருக்கலாம். காசு கொடுத்துக் கடைக்கு அனுப்பியிருக்கலாம். எல்லாம் வரிசையாக வாயில் வந்து நின்றன.

"ஓம்" என்றேன்.

அவள் அழுத அழுகையைப் பற்றி எழுதமாட்டேன். அது உன்னைப் போட்டு வருத்தும். நான் அவளை மடியில் வைத்திருந்தேன், அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்தார் என்பது மட்டும் உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

பின்னேரம் மச்சாள் வந்தார். சொன்னேன். "ஆரைக் கேட்டுச் சொன்னனீர்?" என்று என்மேல் பாய்ந்தார். பாய்ந்த கையோடு நிலத்தில் குந்திவிட்டார். "அவள் கனநாளா போன் கேக்கிறேல்லை. மறந்திட்டாள் எண்டு நினைச்சன். நான் அழுவன் எண்டு கேக்காமல் விட்டிருக்கிறாள், என்ரை பிள்ளை" என்றார். பார்த்தாயா உன் மகளை? உன்னைப்போலவே தனக்குள்ளே வைத்துக் காத்திருக்கிறாள். அவளுக்கும் ஐஸ்பழம் தின்கிற வயதுதானே அண்ணை?

வாற மாதம் உன் ஆட்டைத் திவசம், நீ போய் ஒரு வருஷம். ஆரணி வருவாள். ஐயரின் முன்னால் இருந்து தன் கையால் உனக்குப் பூப் போடுவாள். உன் சாம்பலைக் கரைத்த கீரிமலைக் கடலுக்கும் அவளைக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டுவோம். உன் படம் நேற்று சுவரில் ஏறிவிட்டது. எந்தப் படம் என்று தெரிவுசெய்தது அவள்தான். நீ சிரிக்காத படம், சொல்லிவிட்டேன், கோபிக்காதே.

விளையாட்டு அப்படியே நிற்கிறது. துடக்கு என்றால் என்ன என்று கேட்டாள், சொன்னேன். கதாநாயகனைக் கோயில் வாசலிலிருந்து திருப்பிக் காட்டுக்குள் கொண்டுபோய்க் கூடாரம் அடித்துப் படுக்கவைத்தாள். தன் சின்ன விரலை மடித்தாள். இந்தப் புதியதில் எல்லாம் தானாகவே சேவ் ஆகிவிடும், கரண்ட் போனாலும் ஒன்றும் அழியாது. நீ பட்ட பாடு அவளுக்கு இல்லை. அந்த வெள்ளைச் சட்டைக்காரி விழுவதை ஒருதரம் பார்த்தால் போதும்.

ஆனாலும் முன்னுக்கு இன்னும் என்னென்ன பாலங்கள் வரும் என்று எனக்குத் தெரியாது, நீ சொன்ன கதையை இனி நம்பவும் முடியாது. எது வந்தாலும் அவளுக்குப் பக்கத்தில் இருப்பேன். அவளை ஐஸ்பழத்துக்கு அனுப்பமாட்டேன் அண்ணை.

இப்படிக்கு,
அந்த மாதம் முழுக்க உன் காசில் ஐஸ்பழம் தின்ற
உன் தங்கச்சி