முறுக்கு டப்பாவுக்குள் ஒரு மீட்டர்

நவம்பர் 3, காலை 6.00
எல்லாம் வழக்கம்போல். இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு வாசல் சுவரில் இருக்கும் மின் மீட்டர். வீட்டில் இருவர், கோமதிநாயகமும் அவர் மனைவி செண்பகவல்லியும். அந்த அம்மாளின் மூச்சு ஆக்சிஜன் மெஷினை நம்பி இருக்கிறது, மெஷின் கரண்டை நம்பி. கரண்டு போனால் என்னிடம் ஒரே ஒரு செய்திக்குத்தான் சார்ஜ் மிஞ்சும்: "நோயாளி வீடு, உடனே வரவும்." பக்கத்து மீட்டர்கள் அதைக் கைமாற்றி மின் அலுவலகத்தில் சேர்க்கும், ஜெனரேட்டர் வண்டி வரும். மற்ற நேரமெல்லாம் யூனிட் எண்ணுகிற அலுத்துப்போன பிழைப்பு.

நவம்பர் 9, மாலை 4.20
கோமதிநாயகம் என்மேல் இருக்கும் புகார் பொத்தானை அழுத்தினார். குரல் பதிவு: "ஏம்ப்பா, நீ விடுத கதிர்லதான் அவளுக்குத் தலவலின்னு எல்லாரும் சொல்லுதாவ. கண்ணே மூட மாட்டேங்கா. கொஞ்சம் பேசாம கெடயேன்."
நாள் முழுக்கச் சேர்த்தாலும் நான் பேசுவது சில நொடிதான், காதில் வைக்கிற செல்போன் என்னைவிட உரக்கப் பேசும் என்று பதில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, செல்போனை எடுத்து மகளிடம் என்னைப் பற்றிக் குறை சொன்னார். எத்தனை முறைதான் இதையே சொல்வது?

நவம்பர் 12, காலை 10.05
என்மேல் முறுக்கு டப்பாவை மாட்டி, பிரியாணி மடிக்கிற வெள்ளித்தாளைச் சுற்றிவிட்டார். என் செய்தி வெளியே போகவில்லை, வெளிச்செய்தி உள்ளே வரவில்லை. வீட்டுக்காரர் குரல் மட்டும் தகரத்தைத் தாண்டிக் கேட்கிறது. என் செய்தி நின்றுபோனால் அலுவலகம் பார்க்க ஆள் அனுப்பும்.

நவம்பர் 15, காலை 7.30
ஆள் வரவில்லை. டப்பாவைத் தட்டி, "தலவலி விட்டுப்போச்சுங்கா. நேத்து நல்லா ஒறங்குனா. கோவிச்சுக்கிடாத, என்னா?" என்றார். என் கணக்குக்கு இது ஒத்துவரவில்லை. ஆனாலும் அந்த அம்மாள் தூங்கினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, வாதாடவும் தெம்பில்லை.

நவம்பர் 18, பகல் 2.40
புயல். செல்போன் டவர் சாய்ந்துவிட்டது, தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று உள்ளே பேசிக்கொள்கிறார்கள். கரண்டு போனது. மெஷினின் பேட்டரி அரை மணி தாங்கும். என் ஒரே செய்தியை அனுப்பினேன். தகரத்தைத் தாண்டவில்லை.

2.52
டப்பாவைப் பிய்த்து எறிந்தார். அலுவலக அறிவிப்பு இப்போதுதான் வந்து சேர்கிறது: "உங்கள் தெருவில் மின்தடை. நோயாளி வீடு என்று எந்தச் செய்தியும் வரவில்லை. ஆட்கள் நாளைக் காலை வருவார்கள்."
கேட்க முடிகிறது. பதில் அனுப்பச் சார்ஜ் இல்லை, இதை எழுதவும் கொஞ்சம்தான் மிச்சம். பயமாக இருக்கிறது. அவர் பொத்தானை விடாமல் அழுத்துகிறார்.
"பேசுப்பா. எவ்வளவு வேணாலும் பேசு. இனிம ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவளுக்கு மூச்சு