குணம் என்று எழுதாத சீட்டு

1962 மார்ச் 4, ஞாயிறு
இன்று அம்மாவிடம் சொல்லாதது: வெயிலில் நிற்க நிற்க முகம் இன்னும் எரிகிறது.

மூக்கின் மேலும் இரு கன்னங்களிலும் சிவப்பு படர்ந்து இரண்டு மாதம். தோல் வியாதி தீர அம்மா சூரியனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். தினமும் ஒரு மணி நேரம், வெயிலுக்கு முகம் காட்டி, நாற்பத்தெட்டு நாள் நான் நிற்க வேண்டும். இன்று இருபதாவது. "கண்ண மூடிக்கினு நில்லுடி. அவரு பாத்துக்குவாரு."

மார்ச் 14
நான் பாடம் எடுக்கும் இரண்டாம் வகுப்பிலிருந்து செங்கேணி தன் மகளை நிறுத்திவிட்டாள். என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "இது பெருநோய் தானே டீச்சர்? எங் கொளந்த உங்க கையப் புடிச்சிக்கினு தானே எழுதுது."

ஹெட்மாஸ்டர் தாமோதரன் அழைத்தார். "வூட்ல இரும்மா. முழுக்க குணமாயிடுச்சின்னு டாக்டர் சீட்டு கொண்டா. இல்லன்னா ஜூன்ல வேற ஆளப் போட்டுடுவாங்க."

இந்த வேலையை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

மார்ச் 22
காய்ச்சல். விரல்கள் வீக்கம். அம்மா தோளைப் பிடித்து வெயிலில் நிறுத்தினாள்.

ஏப்ரல் 9
சென்னை ஆஸ்பத்திரி. டாக்டரம்மா நோயின் பெயரை எழுதிக் காட்டினார்: லூப்பஸ். பெருநோய் இல்லை, யாருக்கும் ஒட்டாது. உடம்பைக் காக்க வேண்டிய ரத்தமே உடம்பைப் பகையென்று தாக்குகிறதாம். தோல், மூட்டு, கவனிக்காவிட்டால் சிறுநீரகமும்.

"எப்போ குணமாகும்?"

"ஆகாது. அடங்கும், திரும்ப வரும். மாத்திரைய நிறுத்தாதே. வெயில் மட்டும் படவே கூடாது."

நாற்பத்தெட்டு நாளையும் முடித்திருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மாவை நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 10
"நல்லதுக்குத் தானடி நிக்க வச்சேன்" என்றாள் அம்மா.

"கூட நீ நின்னியா?" என்றேன். அவள் சாப்பிடவில்லை.

அலமாரி நிறையப் புத்தகம் படித்த நான், எரிகிறது என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் நின்றேனே — என் மேல்தான் அதிகக் கோபம்.

மே 30
ஹெட்மாஸ்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒட்டாதுன்னு கீது. குணமாச்சின்னு எங்கம்மா கீது?"

"குணமாகாது சார்."

"ஒரு வரி எழுதி வாங்கிக்கினு வாயேன். யாரு பாக்கப் போறாங்க?"

அடுத்த முறை சிவந்தால் பொய்க்காரி என்று சொல்லப்போவதும் இதே வாய்தான். "பொய் வாங்கிட்டு வரமாட்டேன். இதையே மேலே அனுப்புங்க. முடியாதுன்னா, முடியாதுன்னு எழுதிக் கொடுங்க."

ஜூன் 11, திங்கள்
சீட்டு மேலே போய், வேலையில் தொடரலாம் என்று உத்தரவு வந்தது. என் வகுப்புப் பெண்கள் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள், நானும் கூடவே. பதிவேட்டில் முப்பத்தாறு, வந்தது இருபத்தொன்பது. செங்கேணியின் மகள் வரவில்லை. கன்னத்தில் சிவப்பு இருக்கிறது. பள்ளி வாசல் வரை அம்மா எனக்குக் குடை பிடித்து வந்தாள்; அவள் வெயிலில் நடந்தாள்.