வலக்கைக்கு ஒரு குத்தூசி

பீடோங்,
ஆனி மாதம், 2603.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் நவமணி எழுதுகிறேன். நானும் குழந்தை குணவதியும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும் என்று தோட்டத்து மாரியம்மனை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறேன். மேலே வருஷத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஜப்பான்காரன் கணக்குப்படி இது 2603 ஆம். பழைய வருஷம் போட்டு எழுதிய காகிதம் பிடிபட்டால் கொண்டுவருகிறவருக்குத்தான் அடி விழும்.

கொண்டுவருகிறவர் கடைசி லயத்து வீட்டில் இருக்கும் பரஞ்சோதி அண்ணன். நம் தோட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்தை ரயில் போடச் சயாமுக்கு அனுப்புகிறார்கள். அதில் அவர் பெயரும் வந்துவிட்டது. தலையணைக்குள் வைத்துக்கொண்டு போய் எப்படியும் உங்களிடம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். சயாம் என்ன பீடோங் கடைத்தெருவா, இறங்கியதும் உங்களைப் பார்க்க? இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே பால் மரம் வெட்டு அநேகமாக நின்றுவிட்டது. ரப்பரை வாங்க ஆளில்லை. மரங்களுக்கு நடுவே எல்லாரும் மரவள்ளி போட்டிருக்கிறோம். அவித்தும் வறுத்தும் இடித்தும் அதையே தின்கிறோம். குணவதி கிழங்கைக் கண்டால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். அப்பா வரும்போது அரிசி கொண்டுவருவார் என்று சொல்லி ஊட்டுகிறேன். எனவே வெறுங்கையோடு வந்து என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள். இல்லை, வெறுங்கையோடும் வாருங்கள். நான் சமாளித்துக்கொள்கிறேன்.

ஜப்பான் சிப்பாய்களின் பூட்ஸ் தைக்க ஆள் வேண்டும், நிழலில் உட்கார்ந்த வேலை, மூன்றே மாதம் என்றார்கள். நீங்களும் நம்பிக் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி ரயிலில் உட்கார்ந்திருந்தீர்கள். வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் ஒரு ஊசி கூட இல்லை. ஒரு மெழுகுக் கட்டியும், நீங்கள் உட்காரும் பலகையும், தோல் வாடையும்தான் மிச்சம். வாடையும் இப்போது குறைந்துவிட்டது. பலகையை முகர்ந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

போன மாதம் செமிலிங்கிலிருந்து மலாய்க்காரர் பாக் மாட் வந்தார். வண்டி மாட்டின் கழுத்துப் பட்டை அறுந்துவிட்டதாம். சிலிப்பர் தைக்கும் அழகேசன் எங்கே என்று கேட்டார். சயாமுக்குப் போய்விட்டார் என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். பட்டை தைத்துக் கொடுத்தால் அரிசி தருவதாக இருந்தாராம், யாராவது தைப்பார்களா என்று போகிற போக்கில் கேட்டார். அரிசி என்ற சொல் காதில் விழுந்ததும் என் வாய் எனக்கு முன்னால் போய், முடியும், நானே தைக்கிறேன் என்று சொல்லிவிட்டது. அவர் போன பிறகு கையைப் பார்த்தேன். பத்து விரல் இருந்தது, கருவி ஒன்றும் இல்லை.

கருவிகளை நானே செய்தேன் மாமா. நம்பமாட்டீர்கள். உடைந்துபோன பால் வெட்டுக் கத்தியைத் துணி துவைக்கும் கல்லில் தேய்த்துத் தேய்த்துத் தோல் வெட்டும் கத்தி ஆக்கினேன். துரை ஓடிப்போன பிறகு ஆளுக்கொன்றாகப் பங்களாவில் புகுந்து எடுத்தார்களே, அன்று எல்லாருக்கும் நாற்காலியும் கட்டிலும் கிடைத்தது, எனக்கு ஒரு முள்கரண்டி மட்டும் கிடைத்ததென்று வயிறெரிந்தேன் அல்லவா? அதுதான் இப்போது கைகொடுக்கிறது. பற்களைக் கூராக்கித் தோலில் வைத்துக் கல்லால் தட்டினால் துளை வரவேண்டிய இடங்கள் ஒரே அளவில் பதிந்துவிடுகின்றன. நூலுக்கு அன்னாசி இலையைச் சுரண்டி நார் எடுத்துத் தொடையில் வைத்துத் திரித்து, உங்கள் மெழுகில் இழுத்தேன்.

குத்தூசிதான் படாத பாடு படுத்திவிட்டது. முதலில் உங்கள் கறுப்புக் குடையைப் பிரித்து ஒரு கம்பியை எடுத்தேன். அது எருமைத் தோலைக் கண்டதும் வளைந்துபோனது. குடையும் போயிற்று. திட்டவேண்டுமானால் நேரில் வந்து திட்டுங்கள். பிறகு காது உடைந்த கோணி ஊசி ஒன்று கிடைத்தது. அதன் முனையைத் தட்டையாகத் தேய்த்து, நூல் மாட்டிக்கொள்ள ஒரு வெட்டு வைத்தேன். தோலுக்குள் சுகமாக இறங்கியது.

அதற்குக் கொய்யாக் கட்டையில் பிடி செதுக்கினேன். உங்கள் பிடியில் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் குழி விழுந்திருக்குமே, அந்தக் குழியையும் நினைவில் வைத்துச் செதுக்கினேன். உள்ளங்கை மேடு உட்காரும் இடத்தைத் தனியாக வழவழப்பாக்கினேன். நாள் முழுக்க அதே வேலை. முடித்துக் கையில் பிடித்தால் நிற்கவில்லை. தடியாக இருந்தது, குழியும் தப்பான பக்கம். திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் புரிந்தது, நான் செய்திருப்பது உங்கள் கைக்கு. உங்கள் இடக்கைக்கு. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுதேன். குணவதி வந்து, கை வெட்டிக்கொண்டாயா அம்மா என்று கேட்டாள்.

எனக்குச் சின்னதாக இன்னொன்று செய்துகொண்டேன். உங்களுடையது கூரையில் செருகியிருக்கிறது. பாக் மாட்டின் மாடு புதுப் பட்டையோடு வண்டி இழுக்கிறது, அறுந்துபோகவில்லை. தைத்ததை வலக்கையால்தான் கொடுத்தேன். தைப்பது எந்தக் கையானாலும் கொடுப்பது வலக்கையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வாங்குகிறவர் முகம் சுண்டிவிடும் என்பீர்களே. அதை நான் மறக்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே காகிதம் கிடைக்காது என்கிறார்கள். கிடைக்காவிட்டால் போகட்டும். இந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது ஒரு வார், ஒரு பை, நீங்கள் தைத்த எதையாவது கொடுத்துவிடுங்கள். ஊர் முழுக்க வலக்கைக்காரர்கள். அவர்கள் தையல் ஒரு பக்கம் சாயும், உங்கள் தையல் எதிர்ப்பக்கம் சாயும். முடிவில் முடிச்சே போடமாட்டீர்கள். மூன்று துளை பின்னால் வந்து, நூல் நுனியை இரண்டு தோலுக்கும் நடுவில் செருகிவிடுவீர்கள். அதைப் பார்த்தால் எனக்கு எழுத்தைப் பார்த்த மாதிரிதான்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். காய்ச்சாத தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
நவமணி.


பீடோங்,
மாசி மாதம், 2604.

என் மாமாவுக்கு,

நவமணி. இருக்கிறோம். குணவதிக்கு முன்பல் விழுந்துவிட்டது. நீங்கள் வந்து பார்க்கவேண்டும் என்று பல்லை மூங்கில் குழாயில் போட்டு வைத்திருக்கிறாள்.

உங்களுக்கு ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். நம் கெடா மாநிலத்தையே ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்துவிட்டான். பீடோங்கில் இப்போது சயாம் கொடி பறக்கிறது. நீங்கள் சயாமுக்குப் போனீர்கள், சயாம் நடந்து எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது, நீங்கள் மட்டும் இன்னும் வரவில்லை. கொடியைப் பார்க்கும்போதெல்லாம் அதைக் கட்டினவனைப் பிடித்து, என் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கலாம் போலிருக்கிறது.

பரஞ்சோதி அண்ணனைப் பற்றித் தகவலே இல்லை. என் கடிதம் உங்கள் கைக்கு வந்ததா, தெரியவில்லை. அங்கிருந்து தப்பி வந்த ஒன்றிரண்டு பேர் வாயிலிருந்து பெயர்கள்தான் வருகின்றன. இன்னார் காய்ச்சலில் போனார், இன்னார் பேதியில் போனார் என்று. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு லயத்தில் அழுகுரல் கேட்கிறது. உங்கள் பெயரை யாரும் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை.

செத்தவர்களில் உங்கள் பெயர் வரவில்லை என்பது உங்கள் அண்ணன் பிச்சைக்குப் போதவில்லை. அவர் கெட்டவர் அல்ல, கிழங்கு குறைந்தால் தன் பங்கிலிருந்து கொடுக்கிறவர். ஆனால் ஆன்மா அலையக்கூடாது, வருகிற அமாவாசைக்குத் தம்பிக்குக் காரியம் செய்துவிடவேண்டும் என்று தை மாதத்தில் வந்து சொன்னார். கட்டிக்கொள்ளத் துணியில்லாமல் சாக்கை உடுத்துகிற காலத்தில் எங்கிருந்தோ ஒரு வெள்ளைத் துணியும் வாங்கி வந்து என் பலகைமேல் வைத்தார். அன்று முழுக்கத் தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தைத்தேன். ஒரு தையலும் ஒழுங்காக விழவில்லை.

அமாவாசைக்கு முன்னால் ஜபருல்லா வந்தார். கடைத்தெரு அபூபக்கர் ராவுத்தரின் தங்கை மகன். அவரையும் ரயில் போடப் பிடித்துப் போயிருந்தார்கள். சாமான் ரயிலில் ஒளிந்து வந்து சேர்ந்திருக்கிறார். காலில் புண், பாதி பாதம் இல்லை. அந்தக் காலுக்கு அகலமாக ஒரு சிலிப்பர் தைத்துத் தரமுடியுமா அக்கா என்று கேட்டார். அளவெடுக்கக் குனிந்தபோது அவர் தோளில் ஒரு தோல் பை தொங்கியது. அதன் தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

மாமா, நான் பையை இழுத்த வேகத்தில் அவர் விழப்பார்த்தார்.

இதை யார் தைத்தது என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். மேல் முகாமிலிருந்து இறங்கி வந்த ஒரு தமிழ் ஆளிடம் புகையிலைக்கு மாற்றிக்கொண்டாராம். அந்த ஆளுக்கும் அது வேறு யாரிடமிருந்தோ வந்ததாம். அங்கே பூட்ஸ் தைக்கிற இடக்கைக்காரர் யாராவது உண்டா என்று கேட்டேன். தான் இருந்தது கீழ் முகாம், மேலே யார் இருந்தார்கள் என்று தெரியாது என்றார். பிறகு தன் காலையே பார்த்துக்கொண்டு, புண் பெரிதானால் அங்கே வெட்டி எடுத்துவிடுவார்கள் அக்கா, காலானாலும் கையானாலும் என்றார்.

பையை இரவல் வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் தொடங்கி அடி வளைவு வரை உங்கள் தையல். சந்தேகமே இல்லை. வளைவுக்குப் பிறகு சாய்வு மாறிவிட்டது. வலக்கைத் தையல். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று இழுத்து, ஒன்று தளர்ந்து.

உங்கள் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தடவிப் பார்த்தார். கண் கலங்கினார். தம்பி பாதியில் போய்விட்டான், மீதியை வேறு யாரோ தைத்திருக்கிறான், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார். ஒரு நிமிஷம் நானும் நம்பிவிட்டேன்.

ஆனால் நான் இப்போது தைக்கிறவள் அல்லவா? நுனி வரை பார்த்தேன். முடிச்சு இல்லை. மூன்று துளை பின்னால் வந்து நூல் உள்ளே போயிருந்தது. நான் உங்கள் அண்ணனிடம் சொன்னேன், வேறு ஒரு தொழில்காரர் வாங்கித் தைத்திருந்தால் தையல் இப்படிக் கோணியிருக்காது, கற்றுக்குட்டி தைத்திருந்தால் இந்த முடிப்பு தெரிந்திருக்காது, முதன்முதலாகத் தைத்தபோது என் தையலும் இப்படித்தான் குடித்தவன் நடை நடந்தது, இது ஒரே ஆள் கை மாற்றித் தைத்தது என்று. அவர் நூல் நுனியை விரலால் தேடிப் பார்த்தார். கடைசியில், நீ சொல்வது போலவே இருக்கட்டும் அம்மா, நான் பொறுக்கிறேன் என்றார். அமாவாசை வந்து போயிற்று, காரியம் நடக்கவில்லை. வெள்ளைத் துணியை மஞ்சளில் முக்கிக் குணவதிக்குப் பாவாடை தைத்துவிட்டேன்.

அவரிடம் காட்டாத ஒன்று இருக்கிறது. வளைவுக்குப் பிறகு தோலின் ஓரமெல்லாம் பல் பதிந்திருக்கிறது. ஒரு கை குத்தினால் இன்னொரு கை பிடிக்கவேண்டும். நீங்கள் பல்லால் பிடித்திருக்கிறீர்கள். கையை என்ன செய்தார்கள் மாமா? வலித்ததா? தண்ணீர் கொடுக்க யாராவது பக்கத்தில் இருந்தார்களா? தைத்துக்கொண்டிருக்கும்போதெல்லாம் இதுதான் ஓடுகிறது. சில நாள் உங்கள் அண்ணன் சொன்னதுதான் சரியோ என்றும் தோன்றும். உடனே பல் தடத்தின்மேல் விரலை வைத்துப் பார்ப்பேன். அதற்காகவே பையை ஜபருல்லாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பதிலுக்கு நான் ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறேன், அவருக்கு நஷ்டமில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. கொய்யாக் கட்டையில் மறுபடியும் ஒரு பிடி செதுக்கியிருக்கிறேன். உங்கள் உள்ளங்கை அளவுதான், குழி மட்டும் இந்தத் தடவை வலக்கைக்கு. மூங்கிலைப் பிளந்து ஒரு கிட்டியும் செய்துவிட்டேன். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து இறுக்கினால் தோலை அதுவே பிடித்துக்கொள்ளும். என் இடக்கையை முந்தானையில் கட்டிக்கொண்டு தைத்துப் பார்த்தேன். தைக்க முடிகிறது. கொஞ்ச நாளில் பழகிவிடும். இனிமேல் பல் வேண்டாம்.

இந்தக் கடிதம் அபூபக்கர் ராவுத்தருக்கு அரிசி கொண்டுவரும் ஆள் மூலம் எல்லையைத் தாண்டுகிறது. அதற்கப்புறம் யார் கைக்குப் போகுமோ தெரியாது. குத்தூசியையும் கூட அனுப்பட்டுமா என்று ராவுத்தர் கேட்டார். வேண்டாம் என்றேன். அனுப்பினால் நீங்கள் அங்கேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பீர்கள். வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் செய்த இடக்கைப் பிடியையும் எறியவில்லை. நான் நினைத்தது எல்லாம் தப்பாகி, இரண்டு கையோடும் நீங்கள் வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தால், அதுவும் எடுத்துக்கொடுக்கத் தயாராக இருக்கிறது. மாரியம்மன் அப்படிச் சிரிக்க வைக்கட்டும். எந்தக் கையை நீட்டினாலும் என் முகம் சுண்டாது மாமா. ஒரு கையை நீட்டுங்கள், போதும்.

உங்கள்,
நவமணி.