பச்சைக் கோடு விலகியிருந்தது

மூக்கண்டப்பள்ளி,
6-9-2007

அன்புள்ள மகன் எட்சனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தரின் கிருபையால் மலேசியா ஜோகூரில் நீ சுகமாய் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை. நான் சுகமாக இல்லை, அதனால் எழுத மாட்டேன். இந்த வீட்டில் மூன்று பேரில் இரண்டு பேர் பொய் சொல்லியாகிவிட்டது, மூன்றாவது ஆளாவது உள்ளதை எழுதட்டும். போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் நல்லாத்தான் இருக்கேம்மா என்பாய், கார்டு தீரப்போவுதும்மா என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது எட்சா. உன் இடது கையில் இரண்டு விரல் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எப்படித் தெரிந்தது என்று உனக்குத் திகைப்பாக இருக்கும், முதலிலிருந்து சொல்கிறேன். ஜூன் மாதம் நான்காம் ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து புடவைகூட மாற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டேன். நீ டிப்ளமோ படிக்கும்போது பாகலூர் ரோடு வெங்கடப்பன் கடையில் அசெம்பிள் பண்ணி வாங்கிய அதே பெட்டி, இத்தனை நாளில் ஒரு நாள்கூட என்னைக் கைவிட்டதில்லை. உள்ளே விசிறி சுற்றுகிறது, முன்னால் விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருப்பு, பெட்டி கீ கீ என்று நீளமாகக் கத்துகிறது. இரண்டு மணிக்கு நீ கேமராவில் வருவாய், கேசியோ கீபோர்டை மடியில் வைத்து எனக்கு ஒரு பாட்டு வாசிப்பாய். வாரம் முழுக்க கம்பெனியில் லென்ஸ் விளக்குக்குக் கீழே மீட்டர் போர்டு பார்த்துப் பூத்துப்போன கண்ணுக்கு அது ஒன்றுதான் மருந்து. அந்த வாரம் மருந்து இல்லை, அடுத்த வாரமும் இல்லை. உனக்குப் போன் போட்டு என்னடா செய்வது என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? மானிட்டர் வயரைக் கழட்டி மாட்டும்மா என்றாய், மேசைக்கு அடியில் குனிந்து மாட்டினேன். பிளக் பாயிண்டை மாற்றிப் பாரும்மா என்றாய், மாற்றினேன். யு.பி.எஸ்தான் போயிருக்கும் என்றாய், சர்ச்சில் இருந்து ஒன்றை இரவல் வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தேன். எதில் கோளாறு என்று தெரிந்துகொண்டே நீ என்னை அந்தப் பெட்டியைச் சுற்றி அலையவிட்டாய். அன்றைக்கு என் இடுப்பு வலித்தது இப்போது வலிக்கவில்லை, நீ பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாயே, அந்தக் குரல்தான் வலிக்கிறது.

பிறகு வெங்கடப்பன். திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்னால் பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டு போனேன். திறந்து பார்த்து, ரேம் என்று சொல்லும் அந்தச் சீப்பு அளவுப் பச்சைப் பட்டையை எடுத்து, அதன் தங்க நிற ஓரத்தைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்ப அழுத்தினான். திரை வந்துவிட்டது. லூஸ் காண்டாக்ட்தான் அக்கா, நம்ம ஊரு கம்பெனித் தூசுக்கு இப்டித்தான் ஆவும் என்றான். சரி என்று வந்தேன். சனிக்கிழமை வரைக்கும் பெட்டி நன்றாக ஓடும், ஞாயிறு மத்தியானம் செத்துப்போகும். மறுபடி திங்கள், மறுபடி ரப்பர். நான்காவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. என் நல்ல ரேமை எடுத்துக்கொண்டு எவனுடையதோ பழசை மாட்டி அனுப்புகிறாயா என்று கடையில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவனுக்கு முகம் செத்துப்போயிற்று, உன் அப்பா பெயரைச் சொல்லித்தான் பேசினான். பிரகாசம் அண்ணா வூட்டுப் பெட்டியில நானு கை வெப்பனா அக்கா, எங்க முனீஸ்வரன் மேல சத்தியம், எல்லாம் அதே சாமான்தான் அக்கா என்றான். நான் நம்பவில்லை. பதினாறு வருடம் கம்பெனியில் பைனல் இன்ஸ்பெக்‌ஷனில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான போர்டில் கோளாறு பிடித்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற கோளாறு ஒன்றை அதுவரை பார்த்ததில்லை, இருந்தும் அந்த ஏழையைச் சந்தேகப்பட்டேனே தவிர வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கவில்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்குப் புத்தி எங்கே போயிற்று.

அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் கோடு போட்டேன். எங்கள் லைனில் சரிபார்த்து முடித்த போர்டில் கனெக்டரும் போர்டும் சேரும் இடத்தில் பச்சை மார்க்கரால் குறுக்கே ஒரு கோடு இழுப்போம். பின்னால் யாராவது கழற்றி மாட்டினால் கோடு முன்போல ஒன்றுசேராது, என்ன செய்தாலும் ஒரு மயிரிழை விலகி நிற்கும். போன வெள்ளிக்கிழமை மார்க்கரை எடுத்து வந்து, வீட்டில் யாரும் இல்லாதபோது, ரேம் பட்டைக்கும் அதைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கும் குறுக்கே கோடு போட்டு மூடினேன், திங்கட்கிழமை அவன் வேறு பட்டையை மாட்டிக் கொடுத்தால் அதில் கோடு இருக்காது. சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தேன், நன்றாக ஓடியது. ஞாயிறு காலை நான் ஆராதனைக்குப் போனேன். உன் அப்பா வழக்கம்போல முட்டி வலி, நீ போய்ட்டு வா, நான் கறி ஆக்கி வைக்கிறேன் என்றார். இரண்டரை மாதமாக இந்த முட்டி வலிதான். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை என்னை அடுப்பங்கரைக்கே விடுவதில்லை என்று சர்ச்சில் பெண்களிடம் பெருமை பேசியிருக்கிறேன் எட்சா. அதை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

வந்தேன், போட்டேன், கருப்பு, கீ கீ. சத்தம் போடாமல் பெட்டியை வெளிச்சத்துக்கு இழுத்தேன். திறக்கும் முன்னாலேயே பார்த்துவிட்டேன். நம் தெருவில் தினமும் துடைத்தாலும் கிரைண்டிங் தூசி கருப்பாக உட்காருமே, அந்தத் தூசியில் பக்கத்து மூடியின் மேல் ஒரு கை பதிந்திருந்தது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல். அதற்குப் பிறகு வெறும் தூசி. தொண்ணூற்று நாலில் தகடு அமுக்கும் பவர் பிரஸ்ஸில் இரண்டு விரலைக் கொடுத்த உன் அப்பாவின் வலது கையைத் தவிர அது வேறு யாருடையது? இருந்தாலும் மூடியைக் கழற்றிக் கோட்டைப் பார்த்தேன். விலகித்தான் இருந்தது. பட்டை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது, போய் அணைத்தேன். பெட்டியை எதுக்குத் தொறந்தீங்க என்று உன் அப்பாவிடம் கேட்டேன். தூசு தட்டினேன் என்றார். தூசு அப்படியே இருக்குதே என்றேன். கரண்டியைக் கீழே வைத்தவர், பையனுக்கும் என் கை மாதிரியே ஆயிப்போச்சு பவுலினா என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஸ்டோரில் கம்ப்யூட்டரில் பதிவு பண்ணும் வேலை உனக்கு நாலு மாதம்தான் இருந்தது என்பது, தகடு வளைக்கும் மிஷினில் ஆள் பத்தவில்லை என்று உன்னை நிறுத்தினார்கள் என்பது, ஜூன் பத்தொன்பது, ஆஸ்பத்திரி, வீட்டு நம்பருக்குப் போடாமல் அப்பா செக்யூரிட்டியாக நிற்கும் கேட்டுக்குப் போன் போட்டது, அந்தப் பட்டையை எப்படி லேசாகத் தூக்கிவிட்டால் திரை வராது, ஆனால் எதுவும் கெடாது என்று நீயே சொல்லிக்கொடுத்தது, எல்லாம். பதினோரு ஞாயிறு. நடுவில் ஒரு ஞாயிறு தெருவுக்கே கரண்ட் இல்லை, அன்று மட்டும் உன் அப்பாவுக்கு வேலை மிச்சம்.

நீ கிளம்பும்போது உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அமுக்குகிற, வெட்டுகிற, வளைக்கிற எந்த மிஷின் பக்கமும் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போ என்றேன். நம் வீட்டில் சத்தியம் பண்ணும் வழக்கம் இல்லை, வாயால் சரிம்மா என்றால் அதுவே போதும் என்று உன் தலையைத் தடவி அனுப்பினேன். அந்தச் சரிம்மா நாலு மாதத்துக்குத்தான் தாங்கியிருக்கிறது. மிஷினில் நிறுத்தினார்கள், வேறு வழியில்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், பிறகு எச்சரிக்கையாக இரு என்று தினமும் சொல்லிக்கொண்டாவது இருந்திருப்பேன். அடிபட்ட பிறகு, என் பிள்ளை அந்நிய ஊர் ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்தபோது, நான் இங்கே சர்ச் மைதானத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். உனக்காக அழவேண்டிய நாளில் என்னைச் சிரிக்க வைத்துவிட்டீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள், அந்தச் சோற்றையும் எனக்கே பரிமாறினீர்கள். இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்த மனிதரும் பத்து மாதம் சுமந்த பிள்ளையும் சேர்ந்து ஒருத்தியை இப்படிச் செய்யலாமா?

இதைத்தான் உன் அப்பாவிடமும் கேட்டேன், இதைவிடக் கடுமையாகக் கேட்டேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டவர் கடைசியில் ஒன்று சொன்னார். எனக்கு அடிபட்டு வந்தப்ப ஒரு வருசம் நீ என் கையைப் பாக்கல, சோத்தப் போட்டுட்டு செவுத்தப் பாத்தே, பையனையும் அப்டிப் பாத்துருவியோன்னு அவனுக்கும் பயம், எனக்கும் பயம் என்றார். உனக்கு அப்போது பத்து வயது, நீயும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். அவர் சொன்னது உண்மைதான். வெறுப்பு இல்லை எட்சா, பார்த்தால் கத்திவிடுவேன் என்ற பயம். ஆனால் தட்டில் கை வைத்து உட்கார்ந்திருந்தவருக்கு அது எப்படித் தெரியும். பதிமூன்று வருடம் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாரே, அதுவும் எனக்குச் செய்த துரோகம்தான், என் பங்கும் அதில் இருக்கிறது. எங்கள் லைனில் தளியில் இருந்து வரும் நஞ்சம்மா என்ற பெண் முன்பு ஒரு தடவை கெட்டுப்போன போர்டைத் தட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தாள், பிடித்துவிட்டேன். தப்பாய்த்து அக்கா, நீங்க கத்துவீங்கன்னு பயந்துட்டேன் என்று கன்னடமும் தமிழுமாக அழுதாள். அன்றைக்கு அவளிடம் இன்னும் கொஞ்சம் கத்தினேன். இப்போது ஞாபகம் வருகிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை, வரும்போது எழுதுகிறேன். திங்கட்கிழமை வெங்கடப்பன் கடைக்குப் போய், அன்றைக்கு இருந்த மாதிரியே நாலு பேர் இருக்கும் நேரம் பார்த்து, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். வுடுங்க அக்கா, பெட்டி சரியாச்சில்ல என்று டீ வாங்கிக்கொடுத்தான். பிறத்தியானுக்கு இருக்கும் பெருந்தன்மை! மற்றபடி இங்கே மழை பரவாயில்லை, கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், காய்கறி கொஞ்சம் மலிவு. நான் கண்டுபிடித்தது உனக்குத் தெரியக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், உனக்காக இத்தனை நாள் மறைத்தவர் எனக்காக இந்தக் கடிதம் வந்து சேரும் பத்து நாள் மறைக்கட்டும். ஏ.சி. காற்றில் நின்றால் வெட்டுப்பட்ட இடம் இழுக்குமாம், வெதுவெதுப்பாகத் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். ஸ்டோருக்கே மாற்றச் சொல்லிக் கேள், மாட்டோம் என்றால் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடு. உன் இடம் இங்கே அப்படியேதான் இருக்கிறது.

இந்த நாலு நாளாகச் சாப்பிடும்போது உன் அப்பாவின் கையைப் பார்க்கிறேன். முதல் நாள் பழக்கதோஷத்தில் இடது கையால் மறைத்துக்கொண்டார். நேற்று மறைக்கவில்லை, என்ன பாக்கறே, சோறு ஆறுது என்றார். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிறு எனக்கு இரண்டு மணி, உனக்கு நாலரை. பெட்டி ஓடும், புதிதாகக் கோடு போட்டு மூடியிருக்கிறேன், ஸ்குரூடிரைவர் என் பீரோவில் இருக்கிறது. கேமராவில் முகத்தைக் காட்டும் முன்னால் இடது கையைக் காட்டு. பிறகு கேசியோவை மடியில் எடுத்து வை. வாசிக்க வராது என்று சொல்லாதே. உன் அப்பா அந்த மூன்று விரலால் இத்தனை தடவை ரேமைத் தூக்கிவிட்டிருக்கிறார், லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. எத்தனை இடத்தில் தடுமாறினாலும் பாட்டை முழுசாக வாசி, முடியும் வரைக்கும் நான் முகத்தைத் திருப்ப மாட்டேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும், இருக்கும் எட்டு விரலையும் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிறு நாலரை, மறக்காதே.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா
பி. பவுலினா