அரசனுக்குத் திக்குவாய்ப் பாடம்

நவம்பர் 2, ஞாயிறு
ரங்கூன் பபேடானில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு இன்று புது உத்தியோகம். ஓர் அரசனுக்குத் திக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்! எங்கள் தெரு ஆண்ட்ரூ சரித்திரக் குறும்படம் எடுக்கிறான். திக்கித் திக்கிப் பேசும் ராஜா, போருக்கு முன் மக்களிடம் பேசியாக வேண்டும். ராஜாவாக நடிக்கும் பர்னபாஸ் மூச்சுவிடாமல் பேசுகிற ஆள். அவன் திக்கினால் விக்கல் எடுத்ததுபோல் இருக்கிறது. “கோ மாஹிர், இதுக்கு நீங்கதாண்ணே வாத்தியார்” என்றான் ஆண்ட்ரூ. பின்னே, திக்குவதில் முப்பது வருஷ அனுபவம் வேறு யாருக்கு இருக்கிறது?

நவம்பர் 5
வாய் திறந்த பிறகு திக்குவதில்லை, அதற்கு முன்பே மூச்சு நின்றுவிடுகிறது என்று பர்னபாஸுக்கு விளக்கினேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம். “பாடமும் செய்முறையும் ஒண்ணாவே நடத்துறீங்க” என்றான். இருவரும் சிரித்துவிட்டோம்.

நவம்பர் 7, வெள்ளி
இன்னும் பதினாறு நாளில் என் நிக்காஹ். சபை நடுவே, சம்மதத்துக்கு அடையாளமாக “கபூல் செய்தேன்” என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். எனக்கு ஜென்மப் பகை ‘க’தான். கண்ணாடியையே கைகாட்டி விற்கிறவன் நான்.

நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத், “நான் சொல்லித் தர்றேன், நீங்க தலைய ஆட்டுனா போதும்” என்கிறார். கட்டிக்கொள்ளப்போகும் ஸமீராவிடம் போனில் சொன்னேன். “நீங்க சொல்றத நான் கேக்கணும்” என்றாள். அவ்வளவுதான்.

என்னடா செய்யப்போறே, மாஹிர்?

நவம்பர் 9, ஞாயிறு
இன்சீனில் படப்பிடிப்பு. மக்களாக நடிக்க எங்கள் தெருவே வட்ட ரயிலில் வந்து இறங்கியது. பிரியாணி உண்டென்று ஆண்ட்ரூ சொல்லியிருந்தான்.

பர்னபாஸ் கிரீடத்தோடு நின்று, “எ... எ...” என்று தொடங்கினான். கூட்டத்திலிருந்து என் முத்து முகம்மது சாச்சா, “என் மக்களே!” என்று எடுத்துக் கொடுத்தார். கட். அடுத்த டேக்கில் மளிகைக் கடை தஸ்தகீர். கட். அதற்கடுத்து நாலு பேர் சேர்ந்து!

“நீங்க ஏன் வசனம் பேசுறீங்க?” ஆண்ட்ரூ தலையில் கை வைத்துவிட்டான்.

“புள்ள தவிக்குதுப்பா. பாத்துக்கிட்டே நிக்கச் சொல்றியா?” என்றார் சாச்சா.

எனக்கும் இப்படித்தான், வாழ்நாள் முழுக்க இவர்களே முடித்துவைத்தார்கள். கோபம் வந்துவிட்டது. நின்று நின்று, இழுத்து இழுத்துச் சொன்னேன்: “எடுத்துக் குடுத்தா அந்த வார்த்தை என்னோடதா இருக்காது, சாச்சா. காத்திருங்க. வரும்.”

பதினோராவது டேக்கில் அத்தனை பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார்கள். ராஜா பேசி முடித்தார்.

நவம்பர் 20
சோறு இறங்கவில்லை. ஷெர்வானி மட்டும் அளவாக இருக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு
ஹஜ்ரத் கேட்டார். மூச்சு நின்றது. க— ஒன்றும் வரவில்லை. சபையே என்னைப் பார்க்கிறது. ஹஜ்ரத் வாயெடுத்தார். சாச்சா அவர் முழங்காலைத் தொட்டு, “இருங்க ஹஜ்ரத். வரும்” என்றார். தஸ்தகீர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தனை பேரில் ஒருவர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது.

“க— க— கபூல் செய்தேன்.”

மூன்று தடவையும் நானே சொன்னேன். சாச்சா அழுதுவிட்டார். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் ஸமீராவின் முன்னால் போய்ப் பெருமையாக நின்றேன்.

“பெண்கள் பக்கம் கரண்டு போயிடுச்சு. மைக்குல ஒண்ணுமே கேக்கல” என்றாள். “இப்பச் சொல்லுங்க.”

சபையில் ஆனதைவிட அதிக நேரம் ஆனது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள்.